மந்திரத்துக்கு நாக்கால் விலை கொடுக்கும் பெண்: அந்த இழப்பு வாசகருக்குக் கனக்க என்ன செய்யலாம்?

உவர்மண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கற்பனை உலக நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று அத்தியாயம் முடிந்து நான்காவதில் நிற்கிறேன். இங்கே கேட்காமல் மேலே போக மனம் வரவில்லை.

உலகம் இதுதான். கடல் பின்வாங்கிப் போன நிலம். மண்ணெல்லாம் உப்பு பூத்துக் கிடக்கும். எங்கே தோண்டினாலும் கரிக்கும் தண்ணீர். தலைமுறைக்கு ஒன்றிரண்டு பெண்களுக்கு மட்டும் நல்ல தண்ணீரை மேலே அழைக்கும் வரம் உண்டு. அவர்களை ஊற்றாள் என்பார்கள். உள்ளங்கையை மண்ணில் அழுத்தி, அந்த ஊரில் கடைசியாகச் செத்துப்போன கிழவியின் பெயரைச் சொன்னால் ஊற்று கிளம்பும். அதற்கு விலை, ஊற்றுக்கு ஒரு சுவை. அறுசுவையில் ஒன்று அவள் நாக்கைவிட்டுப் போய்விடும், திரும்பவே வராது. ஆகவே ஒருத்தியின் ஆயுளுக்கு ஆறு ஊற்று. ஏழாவதை அழைத்தால் என்ன போகும் என்று யாருக்கும் தெரியாது. அழைத்தவர்கள் அதைச் சொல்லும் நிலையில் இருந்ததில்லை.

நாயகி செவ்வந்திக்கு வயது 19. முதல் அத்தியாயத்தில் உவர்ப்பு போகிறது. மூன்றாவதில் கசப்பு. படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "ஒரு ஊருக்கே தண்ணி கிடைக்குது. இவளுக்குக் குழம்பு சப்புன்னு இருக்கும், அவ்வளவுதானே? அதுவும் கசப்பு போனா நல்லதுதானே?"

அதற்காக ஆயுளில் பத்து வருடம், ஒரு கை, ஒரு கண் என்று விலையை ஏற்றச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ரத்தமும் ஆயுளும் நிறையப் பேர் எழுதியாயிற்று. நாக்கு என்பது ஒரு நாளைக்கு மூன்று வேளையும் வேலை செய்கிற உறுப்பு. அந்த இழப்பு பெரியது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் அதை வாசகர் வாயில் வைக்க எனக்குத் தெரியவில்லை. விலையை மாற்றுவதா, எழுதும் விதத்தை மாற்றுவதா?


சிரட்டை எழுதியது:

விலையை மாற்றாதீர்கள். நீங்கள் கையில் வைத்திருப்பதை இன்னும் முழுசாகப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

நான் ராமநாதபுரம் பக்கம். கோடை வந்தால் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றித்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீர் சேர்த்தார்கள். குழியில் தண்ணீர் கசிந்ததும் தோண்டினவள்தான் முதல் வாய் குடிப்பாள். கரித்தால் அந்தக் குழியை விட்டுவிட்டு நாலடி தள்ளித் தோண்டுவாள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அந்த எண்களெல்லாம் வருவதற்கு முன்பு நாக்குதான் அளவுகோல்.

இப்போது செவ்வந்தியைப் பாருங்கள். முதல் ஊற்றிலேயே அவளுக்கு உவர்ப்பு போய்விட்டது. அதற்கப்புறம் தான் அழைத்த தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்று அவளுக்கே தெரியாது! எதிரே குடிக்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது ஊரில் ஒரு நாட்டாமை நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னும் கரிக்குதே தாயி, வயக்காட்டுப் பக்கம் இன்னொரு தரம் கூப்பிடு" என்று சொன்னால் என்ன செய்வாள்? இழந்த சுவை அவள் தொழிலையே குருடாக்குகிறது. உங்கள் முதல் அத்தியாயத்துக்குள்ளேயே இது இருக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை.

இன்னொன்று. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. இறைத்து இறைத்து ஊற்றியும் பல கிணறுகள் சட்டென்று தேறவில்லை. அதுபோல அவள் திறந்த ஊற்று ஒன்று சில வருடத்தில் உப்பாகிப் போகட்டும். தண்ணீர் போய்விட்டது, சுவை திரும்பி வராது. அந்த ஊர்க்காரர்கள் அவளிடம் வந்து நிற்கும்போது கோபம் யாருக்கு வர வேண்டும்?


பதினாலாம் இரவு எழுதியது:

சிரட்டை சொன்னது சரி. சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன்.

கர்ணன் உடம்போடு பிறந்த கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தான். பதிலாக இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒரு முறைதான் எறியலாம். அர்ச்சுனனுக்கென்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் போர் இரவிலும் நீண்டபோது கடோத்கசன் கௌரவர் படையைத் துவம்சம் செய்ய, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கத்த, அவன்மேல் எறிய வேண்டியதாயிற்று. உடம்பை அறுத்ததைவிட அந்த இரவுதான் எனக்கு வலிக்கிறது. கொடுத்த விலைக்கு வாங்கிய பொருள், நினைத்த இடத்தில் செலவாகவில்லை.

உங்கள் ஆறு ஊற்றில் எதையும் செவ்வந்தி யாருக்காகவும் ஒதுக்கி வைக்கவில்லை. அவள் பிறந்த ஊருக்கென்று ஒரு சுவையைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வழியில் ஒரு குழந்தை தாகத்தில் கண் சொருகிக் கிடக்கட்டும்.


வாணலி எழுதியது:

உவர்மண், இதுக்குப் பதில் எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும்.

எங்க ஊர் காரைக்கால். அப்பா கல்யாணச் சமையல் மாஸ்டர். அவருக்கு முட்டி போனதுக்கப்புறம் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு நான்தான் போறேன். 2021ல கோவிட் வந்துது. காய்ச்சல் விட்டுப் போச்சு, மூக்கு மட்டும் வரல. உங்க நண்பர்கள் "சப்புன்னு இருக்கும், அவ்வளவுதானே"ன்னு கேட்டாங்களே, அந்த "அவ்வளவுதானே"க்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன்.

எனக்குப் போனது வாசனை. உப்பு நாக்குல தெரிஞ்சுது, புளிப்பு தெரிஞ்சுது. ஆனா பெருங்காயம் இல்ல, நெய் இல்ல, கறிவேப்பிலை இல்ல, கொத்தமல்லி இல்ல. ரசத்தை வாயில வச்சா புளிச்ச வெந்நீர். நாம ருசின்னு சொல்றதுல பெரிய பங்கு மூக்கோடதுன்னு அப்பதான் உடம்புல புரிஞ்சுது. செவ்வந்திக்கு நேர்மாறு. அவளுக்கு மூக்கு இருக்கு, நாக்கு போகுது. வத்தக்குழம்பு கொதிக்கிற வாசம் தெருவரைக்கும் வந்து அவளைக் கூப்பிடும். ஓடி வந்து வாயில வச்சா ஒண்ணும் இருக்காது. இது என்னோடதைவிடக் கொடுமை. ஒவ்வொரு தடவையும் ஆசை காட்டி ஏமாத்தும். நீங்க எழுதியிருக்கிற அளவுல அவ மூக்கைப் பத்திப் பேச்சே இல்ல. அங்கிருந்து ஆரம்பிங்க.

அடுத்தது ஆபத்து. பருப்பு அடிப்பிடிச்சுப் புகையுது, பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியல. வாசல்ல காய் நறுக்கிக்கிட்டிருந்த பையன் ஓடி வந்தான். உங்க நண்பர்கள் கசப்பு போனா நல்லதுங்கறாங்க. எங்க அடுப்படில வந்து சொல்லச் சொல்லுங்க! சுரைக்காய் நறுக்கினா ஒரு துண்டை முதல்ல வாயில போட்டுப் பாப்போம். கசந்தா மொத்தக் காயும் குப்பைக்குப் போகும். கசக்கிற சுரைக்காயில விஷம் இருக்கு, ரத்த வாந்தி எடுத்தவங்க உண்டு. நாக்குல கசப்பு இருக்கிறதே விஷத்தைத் துப்ப வைக்கத்தான். கசப்பு போன செவ்வந்தி ஊர் ஊரா நடக்கிறா, கண்டதையும் பறிச்சுத் திங்கிறா. அவளுக்கு விஷம் வைக்கணும்னு நினைக்கிறவனுக்கு அதைவிட வசதி வேற என்ன வேணும்?

கார்ப்பு இன்னும் ஆழம். காரம் உண்மையில ஒரு சுவை இல்ல, வலி. மிளகாயோட உறைப்பையும் சூட்டையும் நம்ம நரம்புல ஒரே உணர்விதான் பிடிக்குது. 43 டிகிரிக்கு மேல சூடு போனா அதுதான் மூளைக்குச் சொல்லும். அதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸ் 2021ல மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டம் படபூட்டியனோட பகிர்ந்துக்கிட்டாரு. மூக்கைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சப்போ இதைப் படிச்சேன். அப்ப உங்க உலகத்துல கார்ப்பு போனவளுக்கு வாய்க்குள்ள சூடும் தெரியாம போகலாம். கொதிக்கிற கஞ்சியைக் குடிப்பா, வாய் வெந்து தோல் உரிஞ்சு தொங்கும், அவளுக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்திருக்கிற ஆயாதான் பாத்துட்டு அலறும்.

இதெல்லாம் உடம்புக் கணக்கு. எனக்கு நெஞ்சுல உக்காந்தது வேற.

பந்திக்கு முன்னாடி மாஸ்டர் ருசி பாக்காம எதையும் இறக்க மாட்டாங்க. கரண்டியிலேர்ந்து புறங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாத்துட்டுத் தலையாட்டணும். அந்தத் தலையாட்டலுக்கு எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. மூக்கு போன மாசங்கள்ல என்கூட இருக்கிற அக்கா எனக்கு முன்னாடி நக்கிப் பாத்துட்டு கண்ணாலயே ஜாடை காட்டும், நான் தலையாட்டுவேன். சாப்பாடு நல்லாத்தான் இருந்துது. பந்தியில எல்லாரும் பாராட்டினாங்க. அந்தப் பாராட்டு எனக்குச் சேரல, எனக்குப் பின்னாடி நிக்கிற யாருக்கோ போற மாதிரி இருந்துது. வீட்டுலயும் அப்படித்தான். முன்னாடியெல்லாம் நான் வேலை முடிஞ்சு வந்தா "உனக்கு என்ன பண்ணட்டும்"னு அம்மா கேப்பாங்க. கொஞ்ச நாள் கழிச்சுக் கேக்கறதை நிறுத்திட்டாங்க. கோவமில்ல, அன்புதான். கேட்டா எனக்கு வலிக்கும்னு கேக்கல. ஆனா அந்தக் கேள்வி நின்னுது பாருங்க, அங்கதான் எனக்கு அழுகை வந்துது. செவ்வந்தியோட அம்மா எந்த அத்தியாயத்துல கேக்கறதை நிறுத்துவாங்க? அதை எழுதுங்க.

கோயில் மடப்பள்ளியில நைவேத்தியத்துக்குச் சமைக்கிறவங்க வாயில வச்சே பாக்க மாட்டாங்க. முழுக்க அளவும் கைப்பழக்கமும்தான். நான் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா மீண்டேன், எல்லாத்துக்கும் அளவு வச்சுக்கிட்டேன். செவ்வந்தியும் ஒரு வித்தை கத்துக்குவா. அதையும் காட்டுங்க, பாவப்பட்டவளாவே வச்சிருக்காதீங்க.

கடைசியா எங்க ஊர்க் கதை, காரைக்கால் அம்மையாரோடது. ஆனி மாசம் மாங்கனித் திருவிழால பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடியிலேர்ந்து மாம்பழமா இறைப்பாங்க, கீழே கூட்டம் பிடிக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனா நீங்க எழுதப் போறதுக்காக இன்னொரு தடவை பாருங்க. அம்மையாரோட சொந்தப் பேரு புனிதவதி. அவங்க புருஷன் பரமதத்தன் கடையிலேர்ந்து ரெண்டு மாம்பழம் வீட்டுக்கு அனுப்பறான். பசியோட ஒரு சிவனடியார் வர்றாரு. சோறு ஆயிடுச்சு, கறி ஆகல. அதனால புனிதவதி ஒரு மாம்பழத்தை வச்சு அவருக்குச் சோறு போடறாங்க. மத்தியானம் புருஷன் வந்து மிச்சப் பழத்தைச் சாப்பிட்டுட்டு இன்னொண்ணும் கேக்கறான். உள்ள போய் வேண்டினா கையில ஒரு பழம் வருது. அதைச் சாப்பிட்டவன், இது முன்னாடி சாப்பிட்டது இல்லையே, இந்த ருசி எந்த உலகத்துலயும் கிடையாதே, எங்கேந்து வந்துதுன்னு கேக்கறான்.

காட்டிக் கொடுத்தது ருசி. நடந்ததைச் சொன்னாங்க. அவன் நம்பாம இன்னொண்ணு வரவழைக்கச் சொல்றான், வருது, அவன் கைக்குப் போனதும் மறையுது. அதோட முடிஞ்சுது அந்தக் குடும்பம். அவன் திட்டல, அடிக்கல. பயந்துட்டான். இவ பொண்டாட்டி இல்ல, தெய்வம்னு விலகிட்டான். கப்பல் ஏறினவன் பாண்டிநாட்டுல இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டு, பொறந்த பொண்ணுக்கு இவங்க பேரையே வச்சான். சொந்தக்காரங்க இவங்களை அங்க கூட்டிட்டுப் போனப்போ பொண்டாட்டி புள்ளையோட காலுல விழுந்தான். கட்டின புருஷன் காலுல விழறான்! அப்புறம்தான் இவங்க, இவனுக்காகத் தாங்கின இந்த அழகான உடம்பு வேண்டாம்னு உதறிட்டுப் பேய் வடிவம் கேட்டாங்க.

மந்திரத்துக்கு விலை இவ்வளவுன்னு யாரும் முன்கூட்டிச் சொல்லல. பக்கத்துல இருந்தவன் கண்ணு மாறிப் போச்சு, அதுதான் விலை. உங்க ஊர் ஜனங்க செவ்வந்தியைக் கும்பிட ஆரம்பிக்கிற நாள்லேர்ந்து அவகூட உக்காந்து யாரும் சாப்பிட மாட்டாங்க. தனி இலை, தனித் திண்ணை, பெரிய மரியாதை. நாக்குல ருசி இல்லாதவளுக்குப் பக்கத்து இலைக்காரனோட பேச்சுதான் சாப்பாடு. அதையும் எடுத்துட்டா?


திருவாலங்காட்டான் எழுதியது:

வாணலி அம்மாவின் பதிலை இரண்டு முறை படித்தேன். ஒரு இடத்தில் மட்டும் என் மனம் ஒப்பவில்லை.

அம்மையார் அதை இழப்பாக எண்ணவில்லை. பேய் வடிவம் அவர் மேல் விழுந்த விலை அல்ல, அவரே கேட்டு வாங்கியது. அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்களையும் படித்தால், இடர் களையாவிட்டாலும் இரங்காவிட்டாலும் என் அன்பு அறாது என்கிற உறுதிதான் தெரிகிறது. எங்கள் ஆலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழி விழுந்த கண், வெள்ளைப் பல் என்று தன் இனத்துப் பேயை அவர் வர்ணிக்கும்போது வெட்கம் துளியும் இல்லை. இறைவன் ஆடுகிற இடத்தில் இருக்கிறோம் என்ற நிறைவுதான்.

ஆகவே உவர்மண்ணுக்கு என் கேள்வி: உங்கள் செவ்வந்தி எப்போதும் இழக்கவே பயப்படுகிறாளா? ஏதோ ஒரு ஊற்றில் அவள் தானே முன்வந்து, வாங்கிக்கொள் என்று கொடுக்கும் இடம் வராதா?


வாணலி எழுதியது:

ஐயா, நீங்க சொல்றது அம்மையார் பக்கத்துலேர்ந்து சரி. அவங்க பாட்டைப் படிச்சா அது நல்லாவே தெரியுது. நான் பரமதத்தன் வீட்டு அடுப்படியிலேர்ந்து பாத்தேன். சேக்கிழார் கதையில அந்த வேண்டுதல் அவன் காலுல விழுந்ததுக்கு அப்புறம்தான் வருது, அதுக்கு முன்னாடி வரல. அவங்க வழிபாடும் இருந்துது, இல்லறமும் இருந்துது. ஒண்ணு போனதுக்கப்புறம்தான் இன்னொண்ணை முழுசாப் பிடிச்சாங்க. அது நிறைவுங்கறதை நான் மறுக்கல. முன்னாடி ஒரு இழப்பு இருந்துதுங்கறதை மட்டும் விட மனசு வரல.

ஆனா உங்க கேள்வி நல்ல கேள்வி. செவ்வந்தி தானே கொடுக்கிற ஊற்று ஒண்ணு கண்டிப்பா வேணும்.


உவர்மண் எழுதியது:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. விலையை மாற்றப் போவதில்லை. நாட்டாமை பொய் சொல்லும் காட்சியை இரண்டாவது அத்தியாயத்தில் சேர்க்கிறேன். பிறந்த ஊருக்கென்று அவள் ஒதுக்கி வைப்பது இனிப்பு என்று முடிவு செய்திருக்கிறேன்.

வாணலி அக்கா, வரிசையில்தான் குழப்பம். உவர்ப்பும் கசப்பும் போய்விட்டன. மிச்சம் இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, துவர்ப்பு. கடைசியில் அவளிடம் எது தங்க வேண்டும்? எல்லோரும் இனிப்பு என்றுதான் எதிர்பார்ப்பார்கள். நான்காவது அத்தியாயத்தில் ஒரு கல்யாணப் பந்தி வருகிறது. அங்கே சமையல் எந்த வரிசையில் இறங்கும் என்பதும் தெரிய வேண்டும்.


வாணலி எழுதியது:

துவர்ப்பை விட்டு வைங்க. யாரும் அதுக்காக ஏங்கினது கிடையாது, யாரும் அதைக் காப்பாத்தி வைக்க மாட்டாங்க. அதனாலதான் அது தங்கணும். அதுவும் பாதி சுவை, பாதி தொடுவுணர்ச்சி. எச்சில்ல இருக்கிற வழவழப்பைப் பிடிச்சு இழுத்துடும், அதான் நாக்கு வறண்டு ஒட்டிக்குது. மத்ததெல்லாம் போனவளுக்கு வாய்னு ஒண்ணு இருக்குன்னு தெரியறதே துவர்ப்புலதான். கடுக்காய், வாழைப்பூ, மாதுளம்பிஞ்சு, நாவப்பழத்துக் கொட்டைன்னு கிடைச்சதையெல்லாம் மென்னுக்கிட்டே இருப்பா. கொட்டைப்பாக்கு மடியில எப்பவும் இருக்கும். பாக்குறவங்க வெத்தலைக் கிழவின்னு நினைப்பாங்க, அவளுக்கு அப்ப முப்பது வயசுகூட ஆகியிருக்காது.

பந்தி விஷயம். லட்டு, ஜாங்கிரி மாதிரி இனிப்பெல்லாம் முந்தின ராத்திரியே முடிஞ்சுடும். விடியக்காலைல காய் நறுக்கு நடக்கும், அப்புறம் பருப்பு வேகும், சாம்பார், கூட்டு, பொரியல்னு ஒண்ணொண்ணா இறங்கும். ரசம் கடைசில கொதிக்கணும், நுரை கட்டி வரும்போது இறக்கிடணும், இல்லேன்னா வாசம் போயிடும். அப்பளம் பந்தி உக்கார்ற நேரத்துலதான் பொரிப்போம். செவ்வந்தியை ரசத்துக்குப் பக்கத்துல நிக்க வைங்க, கல்யாண மண்டபத்துலயே பெரிய வாசம் அதுதான். மாஸ்டர் புறங்கையில விட்டு நக்கிட்டு, ஊற்றாள் வந்திருக்காளேன்னு மரியாதைக்கு அவ கையிலயும் ஒரு சொட்டு விடட்டும். புளிப்பு இருக்கு, காரம் இருக்கு, உப்பு தெரியாது. எல்லாரும் அவ முகத்தைப் பாப்பாங்க. அவ என்ன சொல்றான்னு நீங்கதான் எழுதணும். எழுதினதும் இங்க போடுங்க, அடுப்படித் தப்பு இருந்தா திருத்தித் தர்றேன்.